இல்லாத கிருமிக்கு ஏற்றிய மருந்து

என் இடது காலில் கிருமி இருந்ததே இல்லை. வேறு எதை எழுதுவதற்கும் முன்னால் இதை எழுதிவிட வேண்டும். கிருமி இல்லாத காலுக்கு நான்கு மாதம் கிருமி மருந்து கொடுத்தார்கள். மாத்திரையாகக் கொடுத்தார்கள், ஊசியாகக் குத்தினார்கள், பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். கடைசியில் பாதத்தையே எடுத்துவிடலாம் என்றார்கள். பாதம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கோணிப்போய் இருக்கிறது, ஆனாலும் இருக்கிறது. இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் எதிரில் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை. பேசாமல் இருந்ததற்கும் சேர்த்துத்தான் நான் பட்டேன். அதனால் எழுதுகிறேன். சுகர் இருப்பவர்கள் படியுங்கள். வீட்டில் யாருக்காவது இருந்தால் அவர்களை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் வீடு கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில். கொஞ்சம் நிலம் உண்டு. வீட்டுக்காரர் காலமாகி வெகுநாள் ஆகிறது. மகன் முனிரத்தினம் திருத்தணிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். மருமகள் புவனா நகரி பக்கத்துப் பெண். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள். வாய் கொஞ்சம் நீளம். எனக்குச் சுகர் வந்து பதினைந்து வருடம் இருக்கும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவேன்.

அன்றைக்கு வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம். வரப்பில் இறங்கும்போது இடது கால் லேசாக மடங்கியது. வலிக்கவில்லை. எழுந்து வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படும்போது செருப்பு காலில் ஏறவில்லை. புவனாதான் பார்த்தாள்.

"இன்னாத்த இது, காலு பன்னு மாதிரி ஊதிக்கினு இருக்குது? இந்தக் காலோடவா இவ்ளோ நேரம் குந்திக்கினு இருந்த?"

தொட்டுப் பார்த்தாள். சுட்டது. சிவப்பாகவும் இருந்தது. மறுநாள் முனிரத்தினம் ஆட்டோவில் வைத்துத் திருத்தணிக்குக் கூட்டிப்போனான். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். எழுதினால் அந்த ஓர் ஆஸ்பத்திரியில்தான் தப்பு நடக்கிறது என்று மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள்.

இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு கூப்பிட்டார்கள். டாக்டருக்கு முனிரத்தினம் வயசு இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தார்.

"சுகர் எத்தினி வருசமா? வலிக்குதாம்மா?"

இங்கேதான் நான் என் பங்குக்கு ஒரு தப்பு செய்தேன். வலிக்கவில்லை. துளியும் வலிக்கவில்லை. ஆனால் பிள்ளை சவாரியை விட்டுவிட்டு வந்திருக்கிறான். வெளியே அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வலிக்கவில்லை என்றால் பிறகு எதற்கு வந்தாய் என்று கேட்டுவிடுவாரோ என்று வெட்கமாக இருந்தது.

"ஆங்" என்றேன்.

அவர் கையை நீட்டினார். நான் புடவையை இழுத்துவிட்டுக் காலை உள்ளே வாங்கிக்கொண்டேன். படித்த டாக்டர் போய் நம் காலைத் தொடுவதா என்று கூச்சம். எங்கள் பக்கத்தில் பெரியவர் எதிரில் காலை நீட்டி உட்காருவதே கிடையாது. அவரும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டார். என் வெட்கம் அவருக்கு வசதியாகப் போய்விட்டது. நான் படிக்காதவள், எனக்குக் கூச்சம். அவருக்கு என்ன?

செல்லுலைட்டிஸ் என்றார். தோலுக்கு அடியில் கிருமி புகுந்து பரவி வீங்குவதற்கு அந்தப் பெயர். சுகர்காரர்களுக்கு அடிக்கடி வரும், விட்டால் காலே போய்விடும் என்றார். உடனே படுக்கை போட்டார்கள். கிருமியைக் கொல்லும் மருந்துக்கு ஆன்டிபயாடிக் என்று பெயர். வேளைக்கு ஒரு பாட்டில் ஏறியது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். ஐந்து நாள் காலை மேலே வைத்துப் படுத்திருந்தேன். வீக்கம் வடிந்தது, சிவப்பும் குறைந்தது.

"பாத்தீங்களாம்மா? மருந்து வேலை செய்யுது" என்றார் டாக்டர்.

நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லாரும் பாட்டிலைப் பார்த்தோம். ஐந்து நாள் நான் தரையில் கால் வைக்கவில்லை என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். மாத்திரைப் பெயர்களுக்குக் கீழே, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கவும் என்று அச்சடித்திருந்தது. சுகர்காரர்கள் எல்லாருக்கும் கொடுக்கும் தாள். நான் நடந்தேன். அதோடு நிறுத்தவில்லை. கால் குணமானதற்குச் சாமிக்கு நன்றி சொல்ல வேண்டாமா? கிருத்திகை அன்று மலைக்குப் போனேன். பஸ் இருக்கிறது, மகனின் ஆட்டோவும் இருக்கிறது. வேண்டாம், காலுக்கு நேர்ந்துகொண்டது, காலால்தான் ஏற வேண்டும் என்று முந்நூற்று அறுபத்தைந்து படியும் வெறுங்காலில் ஏறினேன். வெயிலில் படி காய்ந்திருந்தது. கூட வந்தவர்கள் துள்ளித் துள்ளி ஏறினார்கள். எனக்குச் சுடவில்லை. எவ்வளவு திடமாக ஏறுகிறாய் என்று ஒருத்தி புகழ்ந்தாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாம் நாள் கால் முன்னைவிட இரண்டு மடங்கு வீங்கியது.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. கிருமி திரும்பிவிட்டது, பழைய மருந்துக்கு அடங்கவில்லை, இன்னும் காரமான மருந்து வேண்டும் என்றார். ஏற்றினார்கள். ஏழு நாள் படுத்திருந்தேன். வடிந்தது. வீட்டுக்கு வந்து நடந்தேன். வீங்கியது. மாத்திரையை மாற்றினார்கள். இப்படியே ஓடியது. படுத்தால் வடிவதும் நடந்தால் வீங்குவதும் எங்கள் வீட்டு நாய்க்குக்கூட இத்தனை நாளில் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை என்றால் நாங்கள் மாடு மேய்த்தவர்கள். அவர்களுக்கும் புரியவில்லை என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த மருந்து என்னை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாயெல்லாம் வெள்ளையாகப் படிந்தது. சோறு இரும்பைச் சப்புகிற மாதிரி இருந்தது. வயிறு நிற்காமல் போனது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போனால் எழுந்து நடக்காமல் எப்படி? புவனாவைத் தாங்கச் சொல்லி எழுந்து எழுந்து போனேன், அந்தக் காலை ஊன்றிக்கொண்டே. கை நரம்பெல்லாம் ஒளிந்துகொண்டது. ஊசி போட இடம் தேடி நர்ஸ் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்ப்பாள். ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்று பார்ப்பார்கள். சிறுநீரகம் கழிவை ஒழுங்காக வெளியேற்றுகிறதா என்று அது காட்டும். முன்னே சரியாக இருந்தது ஏற ஆரம்பித்தது. சுகரால் ஏறுகிறது என்றார்கள். ஏற்றும் மருந்தாலும் ஏறலாம் என்று பின்னால் வேறு இடத்தில்தான் தெரிந்துகொண்டோம்.

முனிரத்தினம் ஒரு காரியம் செய்தான். ஆட்டோவில் நான் காலை நீட்டிக்கொள்ள ஒரு பலகையை அறுத்து, அதன் மேல் பழைய மெத்தையை வைத்துத் தைத்துப் போட்டான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் ஏறும்போது பலகை இருந்தது, அவ்வளவுதான். என் கம்மல் வட்டிக்கடைக்குப் போனதையும் அவன் சொல்லவில்லை.

நான்காவது மாதத்தில் மூன்றாம் முறையாகப் படுக்கை போட்டார்கள். இந்த முறை எக்ஸ்ரே எடுத்தார்கள். நடுப்பாதத்து எலும்புகள் நொறுங்கி இடம் மாறியிருந்தன. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி முனிரத்தினத்திடம் பேசினார். கட்டிலில் படுத்திருந்த என்னிடம் பேசவில்லை.

"கிருமி எலும்பு வரைக்கும் போயிடுச்சி. எலும்பையே தின்னுட்டிருக்கு. இனிமே வெச்சிருந்தா உடம்பு பூரா பரவும். கணுக்காலுக்கு மேல எடுத்துடலாம். உயிர் முக்கியம் பாருங்க."

நர்ஸ் கையெழுத்துத் தாளைக் கொண்டுவந்தாள். முனிரத்தினம் பேனாவைப் பிடித்தபடி அழுதான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வரவில்லை. இந்தக் காலில்லாமல் புழக்கடைக்கு எப்படிப் போவது, எத்தனை நாள் புவனா தூக்குவாள் என்றுதான் மனசு ஓடியது.

புவனா எழுந்தாள்.

"சார், ஒரு வார்த்த. காலுல புண்ணு எங்க?"

"உள்ள இருக்கும்மா."

"உள்ள இருந்தா காய்ச்சல் வராதா? நாலு மாசமா எங்க அத்தைக்கு ஒரு நாளு காய்ச்சல் வரல. சீழு ஒரு சொட்டு வெளிய வரல."

"சுகர் பேஷண்டுக்கு அப்படித்தான் இருக்கும். நீங்க இன்னா படிச்சிருக்கீங்க?"

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. புவனா என் போர்வையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி.

"பாவா, எங்க ஊர்ல மாட்டுக்குக் காலு வீங்குனாகூட தூக்கிப் புடிச்சிப் பாப்பாங்க. இங்க நாலு மாசமா ஒரு மனுசன் அத்த காலைத் தூக்கிப் பாக்கல. ஆனா வெட்டறதுக்கு மட்டும் கத்தி ரெடியா வெச்சிக்கினு இருக்கறாங்க. நீ அந்தப் பேனாவ கீழ வை."

டாக்டர் பேச்சைக் கேட்காமல் எங்கள் சொந்த விருப்பத்தில் போகிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். வழியில் ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை என்று நர்ஸ் இரண்டு முறை சொன்னாள். அது வரைக்கும் மட்டும் யார் பொறுப்பாக இருந்தார்கள்?

மறுநாள் காலை ரயிலில் சென்னைக்குப் போனோம். அங்கே ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சுகர்காரர்களின் காலை மட்டும் பார்க்கத் தனிப் பிரிவு இருப்பதாக முனிரத்தினத்தின் சவாரிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். ரயிலில் என் காலை எதிர் இருக்கையில் தூக்கி வைத்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு நேராகக் காலை நீட்டியிருக்கிறோமே என்று எனக்கு உயிரே போனது. எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, "இருக்கட்டும், நல்லா நீட்டிக்கம்மா" என்றார்.

அரக்கோணம் தாண்டி மணவூரில் வண்டி நின்றபோது புவனா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, ஏறும்போது தக்காளிப்பழமா இருந்திச்சி. இப்ப பாரு, வெளுத்துக்கினு வருது."

பார்த்தேன். உண்மைதான். அன்றைக்கு ஒரு மருந்தும் ஏற்றவில்லை. ஒரு கிருமி மாத்திரையும் விழுங்கவில்லை. கால் உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

சென்னையில் கூட்டம் சொல்லி முடியாது. மத்தியானம்தான் கூப்பிட்டார்கள். ஒரு லேடி டாக்டர். என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போலக் காலை இழுத்தேன். அவர் விடவில்லை. சூடு பார்க்க இரண்டு புறங்கைகளையும் இரண்டு பாதங்கள் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"வலிக்குதாம்மா?"

"ஆங்."

கட்டைவிரலால் வீங்கிய இடத்தில் அழுத்தினார். அழுத்தும்போது காலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"இவ்ளோ பலமா அழுத்தறேன், உங்க முகத்துல ஒரு சுருக்கம்கூட வரலியே. நெஜத்தச் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்."

நான்கு மாதமாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன்.

"வலிக்கல டாக்டரம்மா. ஒரு நாளும் வலிக்கல."

புவனா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த டாக்டர் எதிரில் இல்லாவிட்டால் என்னை அங்கேயே கிழித்திருப்பாள். பிறகு ரயிலில் நடந்ததைச் சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து, "இதைக் கவனிச்சது யாரு?" என்று கேட்டார். என் காலை மூன்று தலையணை மேல் தூக்கி வைத்துப் பத்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னார். சிவப்பு மறுபடியும் வடிந்தது. கிருமியால் வந்த சிவப்பு என்றால் இப்படித் தூக்கினதும் போகாது, பெரும்பாலும் அப்படியே நிற்கும் என்றார். அதை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சீழ் எங்கும் இல்லை என்று வந்தது.

அவர் விளக்கினதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். சுகர் பல வருடம் இருந்தால் காலில் உணர்ச்சி நரம்பு செத்துப்போகும். லேசாகக் கால் மடங்கும்போது எலும்பில் ஒரு கீறல் விழும். மற்றவர்கள் வலி தாங்காமல் உட்கார்ந்துவிடுவார்கள். நமக்கு வலிக்காது, அதனால் நடப்போம். நடக்க நடக்க எலும்பு உடையும். உடைந்த இடம் வீங்கும், சிவக்கும், சுடும். எலும்பு மெத்தென்று ஆகிக் கடைசியில் பாதமே அமுங்கிவிடும். இதற்குச் சார்கோ கால் என்று பெயர். முதல் மாதத்திலேயே கட்டுப் போட்டுத் தரையில் ஊன்றாமல் வைத்திருந்தால் பாதத்தின் வடிவம்கூட மாறியிருக்காது என்றார்.

"அப்போ அந்த மருந்தெல்லாம்?" என்று முனிரத்தினம் கேட்டான்.

"தேவையே இருந்திருக்காது. இன்னியோட நிறுத்திடுங்க. சுகர் மாத்திரைய மட்டும் விடாதீங்க. கிருமி இல்லாதப்போ அந்த மருந்தக் குடிச்சிக்கினே இருந்தா, நெஜமா கிருமி வர்றப்போ அது கேக்காமப் போயிடலாம்."

நான் படியேறினதைச் சொன்னேன். "உங்கள நடங்கன்னு சொன்னாங்களா?" என்றார். புவனா அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். பத்து நாளைக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து மாற்றிக் கட்டுவார்கள். ஏழு மாதம். ஊன்றவே கூடாது. ஏழு மாதமும் புவனா என் காலில் பாலிதீன் பையைக் கட்டிக் குளிப்பாட்டினாள். "இன்னாத்த, கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ அலங்காரம் இல்ல" என்பாள். முதல் நாள் வாங்கின திட்டு மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. "வலிக்கலன்னு சொல்றதுக்கு நாலு மாசமா உனக்கு? நாக்க வாடகைக்கு உட்டிருந்தியா?"

கட்டுப் பிரித்தபோது இரண்டு காலும் ஒரே சூட்டில் இருந்தன. எலும்பு கூடிவிட்டது. ஆனால் உள்ளங்கால் படகின் அடி மாதிரி வளைந்துவிட்டது. அது இனி மாறாது. அளவெடுத்துச் செய்த பூட்ஸ் போட்டுத்தான் நடக்கிறேன்.

போன மாதம் பழைய எக்ஸ்ரே படங்கள் வேண்டும் என்று சென்னை டாக்டர் கேட்டார். அதை வாங்க நானும் புவனாவும் திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போனோம். புவனா கவுன்ட்டரில் நின்றாள். நான் வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் படுத்திருந்த அதே வரிசையில் ஒருவர் படுத்திருந்தார். கையில் டிரிப்ஸ். வலது கால் சிவந்து வீங்கியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி.

முன்பின் தெரியாதவர்களிடம் போய் என்ன பேசுவது? ஆனாலும் எழுந்து போனேன்.

"எந்த ஊரும்மா?"

"அம்மையார்குப்பம். தறி ஓட்றாரு. மூணு நாளா மருந்து ஏறுது, கேக்கல."

"வீட்டுக்காரரு காலை யாராச்சும் தூக்கிப் பாத்தாங்களா?"

"நீங்க நர்சாம்மா?"

"இல்ல." பூட்ஸைக் கழற்றி என் பாதத்தைக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவரிடம் காலுக்குத் தலையணை வைக்கட்டுமா என்று கேட்டு, இரண்டு பேருமாகத் தூக்கி வைத்தோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். இவருக்கும் எனக்கு வந்ததுதான், இந்த டாக்டர் இவருக்கும் தப்பாக மருந்து ஏற்றுகிறார் என்று என் மனசு அடித்துச் சொன்னது. அப்படி இருக்க வேண்டும் என்றே ஆசைப்பட்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பத்து நிமிடம் ஆனது. சிவப்பு போகவில்லை. கால் மணி ஆனது. அப்படியே நின்றது. அவர் நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. நானும் பார்க்காமலேயே முடிவு கட்டியிருக்கிறேன்.

"விரலை விரிச்சிப் பாக்கட்டுமா அண்ணா?" என்றேன்.

சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் அரைத்த மஞ்சள் அப்பியிருந்தது. அவரே வைத்துக்கொண்டதாம். சேலை முனையால் மெல்லத் துடைத்தேன். அடியில் புண். வெள்ளையாக ஊறிப்போய், அழுத்தினால் சீழ் வந்தது. நாற்றம் அடித்தது. அவருக்கு அது வலிக்கவே இல்லை.

"இவருக்கு மருந்து வேணும்மா, நிறுத்திடாதீங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "ஆனா இந்தப் புண்ணை அவங்க பாக்கணும்." பிறகு திரும்பி நர்ஸைக் கூப்பிட்டேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. கவுன்ட்டரிலிருந்து புவனா ஓடிவந்தாள்.

நர்ஸ் பார்த்தாள், டாக்டரைக் கூட்டிவந்தாள். அதே டாக்டர். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"யாரும்மா நீங்க? பேஷண்டைத் தொடக் கூடாது, வெளிய போங்க."

"போறேன் சார். பூட்ஸு போட எனக்கு நேரம் ஆவும். அதுக்குள்ள நீங்க அந்த விரல் இடுக்கப் பாருங்க."

அவர் குனிந்தார். விரலை விரித்துப் பார்த்தார். முகம் மாறியது. கையுறை கேட்டார், கத்தரி கேட்டார், இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அம்மையார்குப்பத்துக்காரர் கூச்சத்தில் காலை இழுத்தார். டாக்டர் விடவில்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் பூட்ஸில் இரண்டாவது வாரைக்கூட மாட்டி முடிக்கவில்லை. குனிந்து பார்க்க அவருக்கு அவ்வளவு நேரம்தான் பிடித்தது.